அக்காவை நடுவில் இருத்திப் பார்த்த படம்

ஒரு பெண்ணின் மனதை மாற்ற ஒரு படம் போதும் என்று நான் நம்பியிருந்தேன். பதினெட்டு வயதில் நம்பியிருந்தால் மன்னிக்கலாம். நான் நம்பியது ஐம்பதுக்குக் கிட்ட வந்து, முன்மண்டை வெளித்து, இரத்த அழுத்தத்துக்குக் குளிசை போடத் தொடங்கிய பிறகு. அதுவும் எல்லாப் படத்தையும் அல்ல, அந்த ஒரு படத்தை மட்டும். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் யாரையாவது கூட்டிக்கொண்டு போய் இருத்திவிடுவீர்கள்.

கதை இதுதான். பட்டணத்து வங்கியில் வேலை செய்கிற ஒரு பெண். அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை காட்டுக்குள் நிலம் அளக்கப் போனவன், திரும்பி வரவில்லை. தேடிக்கொண்டு தனியே வருகிறாள். ஆற்றில் அவளை ஏற்றிப் போக அகப்படுகிறவன் ஒரு ஓட்டைப் படகுக்காரன். வாய் காது வரைக்கும். ஏறிய உடனேயே சண்டை. பிறகு தேனீ துரத்துகிறது, கள்ளச் சாமியார் ஒருவர் இருவரையும் தன் சீடர்களாக்கப் பார்க்கிறார், யானையொன்று அவளுடைய கைப்பையை உள்ளேயிருந்த சீப்போடு சேர்த்துத் தின்றுவிடுகிறது. நடுவில் ஆற்றங்கரையில் மாப்பிள்ளை போட்டிருந்த சேட்டு கிடைக்கிறது. அவள் அழுகிறாள். படகுக்காரன் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு இருக்கிறான். அதன்பிறகு மழை. படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது. இருவரும் சிரட்டையால் இறைக்கிறார்கள். இறைத்து மாளவில்லை. முதலில் அவள் சிரிக்கிறாள், பிறகு அவனும். முடிந்தது.

சோடியாகப் பார்க்க இதைவிட நல்ல படம் இல்லை என்பதற்கு என்னிடம் பெரிய விளக்கமே இருந்தது. தனி அழுகைப் படத்துக்குக் கூட்டிப்போனால் பக்கத்தில் இருப்பவர் தன் துக்கத்தோடு போய்விடுவார். தனிச் சண்டைப் படம் என்றால் ஆண்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு தன்னை மறந்துவிடுவான். சிரிப்பும் பயமும் மாறிமாறி வர வேண்டும். பயத்தில் மனிதர் பக்கத்தில் யார் என்று பார்ப்பார்கள். சிரிப்பில், பக்கத்தில் இருப்பவரும் சிரிக்கிறாரா என்று பார்ப்பார்கள். அந்த இரண்டு பார்வை போதும், மீதிக்கு வாயால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. என்னைப் போல வாய் திறந்தால் பகிடி மட்டும் வருகிறவனுக்கு இது பெரிய வசதி. இந்தத் தத்துவத்தை நான் கிளிநொச்சியில் என் பம்பு திருத்தும் கடையில் இருந்து பலருக்கு இலவசமாக வழங்கியிருக்கிறேன். தண்ணீர்ப் பம்பைக் கொண்டுவந்தவர்கள் அது திருந்தும்வரை கேட்டுத்தானே ஆகவேண்டும்.

அந்தப் படத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் இருந்த காலத்தில், படங்குத் துணிகளால் இருட்டாக்கிய ஒரு கொட்டிலில் படம் காட்டுவார்கள். பகலில்தான். இரவில் வெளிச்சம் தெரிந்தால் மேலே விமானத்தில் சுற்றுகிறவனுக்கு வசதியாகிவிடும். மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றரை இயக்குகிறவன் நான். அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை, படம் மட்டும். கசெற்றுகள் கொட்டிலுக்கு வருமுன் தணிக்கை செய்கிற ஆட்களால் பார்த்து வெட்டப்பட்டு வரும். ஆட்டப் பாட்டுகள் இருக்காது. கதாநாயகி ஒரு மரத்துக்குப் பின்னால் போவாள், அடுத்த கணம் உடுப்பு மாற்றி வேறு ஊரில் நிற்பாள். நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம். படம் என்றால் அப்படித்தான் தாவும் என்று நினைத்தோம். அதனால்தான், மழையில் இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது திரை வெறும் புள்ளியாக இரைந்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு பெரியவர் மட்டும் கேட்டார்.

“தம்பி, சுபம் போடேல்லையே?”

“ஓட்டைப் படகில எங்கை ஐயா எழுதுறது,” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் என் பதில் பிடித்துப்போய்விட்டது. அதுவே உண்மையாகவும் ஆகிவிட்டது.

கலியாணம் எனக்கு ஏன் நடக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பகிடி வைத்திருக்கிறேன். உண்மை பகிடியாக இல்லாததால் அதை யாருக்கும் சொல்வதில்லை. முதலில் அக்காவுக்கு முடியட்டும் என்றார்கள். பிறகு சண்டை, இடம்விட்டு இடம் ஓட்டம். என் முறை வந்தபோது பொம்பிளை பார்க்க வேண்டிய அம்மா இல்லை, மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டிய அண்ணாவும் இல்லை. அண்ணாவின் சேட்டு மட்டும்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது. ஆள் இல்லை. பொத்தான் வைத்துத் தைத்த நூலின் நிறத்தைப் பார்த்து அம்மா ஓம், அவன்ரைதான் என்றா. அதை வைத்து அழுதோம். எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று செத்தவருக்குச் செய்கிற எல்லாம் செய்து முடித்தோம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சேட்டு கிடைத்தால் ஆள் முடிந்தது.

போன வருடம் வட்டக்கச்சியில் இருக்கும் அக்கா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தா. அதே ஊரில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற ஒரு பெண். நாற்பதைக் கடந்தவர். பிள்ளைகள் இல்லை. கடைசிச் சண்டையில் மாத்தளனில் சனத்தோடு சனமாக நடந்தபோது, “நீ முன்னால போ, நான் வாறன்” என்று சொன்ன கணவர் இன்னும் வந்துசேரவில்லை.

“நல்ல மனிசியடா,” என்றா அக்கா. “உன்ரை பகிடிக்குச் சிரிக்காட்டிலும் ஏசமாட்டா.”

“வேறென்ன வேணும்.”

“ஒண்டு இருக்கு. மனிசனுக்கு மரணப் பத்திரம் எடுக்கேல்லை. அதை எடுத்தால்தான் உங்களுக்கு எழுத்து எழுதலாம்.”

எழுத்து என்றால் எங்கள் பேச்சில் கலியாணப் பதிவு. அந்த ஒரு பத்திரம் இல்லாமல் பதிவுகாரர் பேனையைத் தொடமாட்டார்.

“எடுப்பாவோ?”

“யோசிச்சுச் சொல்லுறன் எண்டவா. இவ்வளவு காலமும் ஆருக்கும் அப்பிடிச் சொன்னதில்லை. ஆனபடியால் நீ போய் நெருக்கக் கூடாது. நெருக்கினால் விட்டிடுவா.”

நான் நெருக்கவில்லை. நெருக்குகிற வேலையைப் படத்திடம் விட்டேன். அந்த நேரம் பார்த்து, பழைய படங்களைக் கழுவித் துடைத்து மறுபடி ஓடவிடுகிறார்கள் என்று வவுனியாவிலிருந்து ஒரு சுவரொட்டி கிளிநொச்சிச் சந்தை மதில்வரை வந்திருந்தது. அதே படகு. அதே வாய். என் கண்ணுக்கு அது தெய்வ அனுகூலமாகவே பட்டது. யோசித்துப் பாருங்கள். தேடிப்போன இடத்தில் சேட்டு கிடைக்கிறது, அழுது முடித்தபின் இன்னொருவனோடு சேர்ந்து சிரிக்கலாம் என்று ஒரு முழுப் படம் சொல்கிறது. இதை நான் என் வாயால் சொன்னால் செருப்படி. மூன்று பேருக்கு ரிக்கற் எடுத்தால் அதே செய்தி மரியாதையாகப் போய்ச் சேரும்.

மூன்றாவது ஆள் அக்கா. எழுத்து எழுதாத இரண்டு பேரை எங்கள் பக்கத்தில் அடுத்தடுத்த கதிரையில் இருத்த மாட்டார்கள். இருவருக்கும் சேர்த்துத் தொண்ணூறு வயது தாண்டினாலும் அதுதான் ஒழுங்கு.

அன்று காலை எனக்கு வந்த பதற்றத்தைச் சொல்லி உங்களை மகிழ்விக்கிறேன். மூன்று சேட்டு போட்டுக் கழற்றி, முதல் போட்டதையே மறுபடி போட்டேன். தலைமயிருக்குப் பூசிய மை நெற்றியில் ஒரு விரல் அகலத்துக்கு இறங்கியிருந்தது. தேய்த்தேன். அது காதுவரை போய்விட்டது. ஸ்டேசனில் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா.

“என்னடா, அடிப்பிடிச்ச சட்டிக்குள்ள தலையை விட்டனியோ?”

அந்தப் பெண் அக்காவுக்குப் பின்னால் நின்றார். நீலச் சேலை, சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு. சிரிப்பை அடக்கத் தெரியாதவர் மாதிரித் தண்டவாளத்தைப் பார்த்தார். நான் பிழைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

வவுனியாத் தியேட்டரில் எங்கள் வரிசை இதுதான்: நான், அக்கா, அவர். கச்சான் கடலைச் சரை என்னிடமிருந்து புறப்பட்டு அக்காவைக் கடந்து அவரிடம் போக வேண்டும். அக்காவைக் கடந்து போனது மிகக் குறைவு. நான் திரையைப் பார்க்கவில்லை, எனக்கு மனப்பாடம். அக்காவின் கொண்டைக்குப் பின்னால் இருந்த இடைவெளியால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேனீக்குச் சிரித்தார். சாமியாருக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். யானை கைப்பையைத் தின்றபோது, “ஐயோ, சீப்பும்” என்றார். என் தத்துவம் அச்சுப் பிசகாமல் வேலை செய்தது. சிரித்தபடியே இந்தப் பக்கம் திரும்பி நான் சிரிக்கிறேனா என்றுகூடப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அவசரமாகச் சிரித்ததில் கச்சான் மூக்குக்குள் ஏறிவிட்டது.

அதன்பிறகு நான் முன்பின் பார்த்தறியாத ஒன்று வந்தது. அருவிக்குக் கீழே ஒரு பாட்டு. கொட்டிலில் இல்லாத பாட்டு. நனைந்த உடுப்போடு இருவரும் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, “சீ” என்று சொல்லிவிட்டு அக்கா கண்ணை மூடிக்கொண்டா. மூடிய கண் அப்படியே நித்திரையாகிவிட்டது.

“நீங்கள் பலதரம் பாத்த படம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?” அவர் கேட்டார். கொண்டைக்கு மேலாக, குரலில் ஒரு குறும்போடு.

“நான் பாத்ததில இது இல்லை. சத்தியமா.”

“உங்களுக்கு வெட்டிப்போட்டுத் தந்திருக்கினம்.”

“நல்லதுக்குத்தான் வெட்டியிருக்கினம்.”

அவர் சிரித்தார். எங்களுக்குள் நடந்த ஒரேயொரு காதல் உரையாடல் அதுதான். அதையும் நித்திரையில் இருந்த அக்காவுக்கு மேலால்தான் நடத்தினோம்.

பிறகு ஆற்றங்கரை வந்தது. சேட்டு வந்தது. நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். அவர் முன்னால் சாய்ந்தார். கச்சான் கையிலேயே இருந்தது. கதாநாயகி அழுது ஓய்ந்து, படகு நகரத் தொடங்கியும் அவர் பின்னால் சாயவில்லை.

“சேட்டு மட்டும்தானே கிடந்தது,” என்றார்.

நான் கச்சான் சரையை நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

“ஆள் கிடக்கேல்லையே. பிறகேன் இவ திரும்புறா?”

“அது... படத்தில அப்பிடித்தான் காட்டுவினம்,” என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மிக மொட்டையான பதில் அது.

பரவாயில்லை, இனி மழை இருக்கிறது என்று என்னை நானே தேற்றினேன். மழை வந்தது, சிரட்டை வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் சிரிக்கவில்லை, ஆனாலும் படம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் நான் அக்காவின் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“சரி, முடிஞ்சுது. எழும்புங்கோ, றெயினுக்கு நேரமாச்சு.”

“இல்லையே,” என்றார் அவர். “ஓடுது.”

திரும்பிப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. என் படம் முடிந்த இடத்தில் புள்ளியும் வரவில்லை, இரைச்சலும் வரவில்லை. மழை விட்டு, படகு அக்கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கொட்டிலில் எவரும் பார்த்திராத அக்கரை.  அந்தக் கரையில் என்ன வரப்போகிறது என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. மனிதனுக்கு அறிவு வேலை செய்கிற நேரம் அதுதான், ரிக்கற் கிழித்த பிறகு.

“இனி ஒண்டும் இல்லை, பேர்தான் போடுவான், வாங்கோ,” என்றேன். நின்றபடியே இரண்டு கையையும் விரித்து, திரையை என் உடம்பால் மறைக்கப் பார்த்தேன். ஓர் ஆள் உயரத் திரையென்றால் வென்றிருப்பேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், “அண்ணை, இருங்கோ. உங்கடை தலைக்குள்ளால படம் தெரியேல்லை.”

இன்னொரு குரல், “மை பூசின தலையடா, எப்பிடித் தெரியும்?”

தியேட்டர் சிரித்தது. நான் இருந்தேன். அக்கரையில் ஒருவன் நின்றான். தாடி நெஞ்சுவரை. எலும்பும் தோலும். மேலுக்கு ஒன்றுமில்லை, அவனுடைய சேட்டுத்தான் இந்தக் கரையில் கிடந்ததே. படகைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், முதல் வார்த்தையாக, “சாப்பிட ஏதாவது வைத்திருக்கிறாயா?” என்று கேட்டான். தியேட்டர் மறுபடி வெடித்துச் சிரித்தது. பகிடிக்கென்று எடுத்த காட்சி, பகிடியாகவே எடுத்திருந்தார்கள்.

அவர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அக்கா திடுக்கிட்டு விழித்தா.

“என்னடி, என்ன?”

“வந்திட்டார்.”

“ஆர்?”

“அந்தாள்தான். வந்திட்டார்.”

நியாயமாக நான் இதையும் சொல்ல வேண்டும்: அந்தப் படம் படகுக்காரனுக்குத்தான் வெற்றி. வந்த மாப்பிள்ளை காட்டுக்குள் தேன் எடுக்கிற ஒருவருடைய மகளைக் கட்டி, இரண்டு பிள்ளைகளும் பெற்றிருக்கிறான். கதாநாயகி துடுப்பாலேயே அவனுக்கு இரண்டு போட்டுவிட்டு ஓட்டைப் படகில் ஏறிப் போகிறாள். விசில் பறந்தது. திரையில் சுபம்கூட வந்தது. கதைப்படி பார்த்தால் நான் வென்றுவிட்டேன். கொண்டைக்குப் பின்னால் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவேயில்லை. மடியில் கிடந்த கச்சான் கோதுகளைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். துடுப்படியை அவர் கண்டிருக்கவே மாட்டார். எனக்குத் தேவைப்பட்ட கடைசிப் பத்து நிமிடம் அவருக்குத் தேவைப்படவில்லை.

றெயினில் இடம் கிடைத்தது, அதே ஒழுங்கில். ஓமந்தை தாண்டியது. பிறகு அவர் கேட்டார், “அவ்வளவு காலமும் எங்கை இருந்தவர் எண்டு வடிவாச் சொன்னவங்களோ? நான் கவனிக்கேல்லை.”

“தேன் எடுக்கிற ஆக்களோடை எண்டு காட்டினவங்கள்.”

“அப்ப ஆரோ சாப்பாடு குடுத்துப் பாத்திருக்கினம்.”

“ஓம்.”

“மெலிஞ்சுதான் போனார்.”

“தேன் குடிச்ச ஆள் இப்பிடி மெலிஞ்சால், தேனிலதான் ஏதோ கலப்படம்,” என்றேன். வாய்ப் பழக்கம்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பல மாதமாக நான் எதிர்பார்த்த சிரிப்பு. கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். “நல்ல படம். கூட்டிக்கொண்டு வந்தது பெரிய உபகாரம்,” என்றார். அதில் குத்தல் ஒரு துளியும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

எனக்கு அந்த நேரம் வந்த கோபம் யார் மேல் என்று நேர்மையாகச் சொல்கிறேன். வெட்டிய ஆட்கள் மேல் இல்லை, கழுவித் துடைத்தவர்கள் மேலும் இல்லை. மாத்தளனில் “நான் வாறன்” என்று சொன்ன மனிதர் மேல். இருந்தால் வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் ஒரு சேட்டையாவது அனுப்பியிருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் ஒருவர், மை பூசி, கச்சான் வாங்கி, உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற என்னை வெல்லுகிறார். இப்படி நினைத்தவுடன் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. ஆனால் கோபம் போகவில்லை. இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. அந்தப் படம் சோடியாகப் பார்க்க நல்ல படம் என்று நான் சொன்னதில் பிழையும் இல்லை. அவர் சோடியாகத்தான் பார்த்தார், தன் கணவரோடு.

அடுத்த கிழமை அக்கா கடைக்கு வந்தா. கதிரையில் இருந்து, கையிலிருந்த குடையைச் சுருட்டி விரித்துச் சுருட்டினா. பதில் கொண்டுவந்திருக்கிறா என்று தெரிந்தது. நான் ஒரு பம்பின் வாயைத் திறந்து பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

“டேய்,” என்றா. “அண்ணாவுக்கு நாங்களும் சேட்டு மட்டும்தானே பாத்தனாங்கள்.”

“அம்மா நூலைப் பாத்துச் சொன்னவா.”

“நூல் கடையில எல்லாருக்கும் ஒரே நூல்தானேடா.”

பகிடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அக்கா எழுந்து குடையை விரித்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கியபின்தான், வந்த விசயத்தைத் திரும்பி நின்று சொன்னா.

அந்தப் பெண் மரணப் பத்திரம் எடுக்கப் போவதில்லை. எங்களுக்கு எழுத்து நடக்கவில்லை.